கட்டம் போட்ட திரை

வி.இ.பி. பரிசோதனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டருக்குத்தான் மாலை போடுவது வழக்கம். மதுரையில் ஒரு நரம்பியல் லேபில் வருஷக்கணக்காக இதே பரிசோதனையை எடுத்துக்கொண்டிருக்கும் டெக்னீஷியன் நான். என்னைக் கேட்டால் அந்த மாலை போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு திரைதான் இதைக் கரையேற்றியது. கட்டம் வருவதற்கு முன்பே மெஷின் இருந்தது, கணக்கு இருந்தது, கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். நோயாளிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பயன்தான் இல்லை.

விஷுவல் எவோக்டு பொட்டென்ஷியல் என்பதன் சுருக்கம் வி.இ.பி. கண் முன்னால் ஏதாவது மாறினால் பின்மண்டையில், மூளையின் பார்வைப் பகுதியில், ஒரு சின்ன மின் அலை எழும். தலைத்தோலில் ஒட்டிய எலெக்ட்ரோடு வழியாக அதைப் பிடித்து, மாற்றம் நடந்து எவ்வளவு நேரம் கழித்து எழுந்தது என்று அளக்கிறோம். பார்வை நரம்பு நன்றாக இருப்பவருக்குச் சுமார் 100 மில்லி செகண்ட், அதாவது ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு. அந்த உச்சத்துக்கு பி-100 என்றே பெயர். உயரம் 10 மைக்ரோ வோல்ட் அளவில் இருக்கும். இ.சி.ஜி.யில் இதயம் காட்டுவதில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் பார்த்தவர் லிவர்பூல் டாக்டர் ரிச்சர்ட் கேட்டன். முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையின் மேல் கம்பி வைத்து, சிறு கண்ணாடி பொருத்திய கால்வனாமீட்டரில் மின்னோட்டம் அசைவதைக் கண்டார். விலங்கின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் மூளையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்னோட்டம் மாறியது. 1875 ஆகஸ்டில் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் இதைச் சொன்னார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பிற்காலத்தில் லிவர்பூலின் லார்டு மேயர்கூட ஆனார்.

1890இல் போலந்தின் கிராக்கோவில் அடால்ஃப் பெக் என்ற இளைஞர், கேட்டன் செய்தது எதுவும் தெரியாமல், நாய், முயல்களிடம் இதையே கண்டுபிடித்தார். மக்னீசியத்தைக் கொளுத்தி அந்தப் பளிச்சென்ற வெளிச்சத்தைக் கண்ணில் காட்டினார். கட்டுரை ஜெர்மன் பத்திரிகையில் வந்ததுதான் தாமதம், வியன்னாவிலிருந்து ஃப்ளைஷல் ஃபான் மார்க்ஸோ கிளம்பினார். 1883லேயே நான் இதைக் கண்டு, முத்திரையிட்ட உறையில் வைத்து அறிவியல் கழகத்தில் கொடுத்திருக்கிறேன், உடைத்துப் பாருங்கள் என்றார். உடைத்துப் பார்த்தார்கள், உள்ளே எழுதியிருந்தது உண்மைதான். இருவரில் யார் முந்தி என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, 1875லேயே நான் சொல்லியாயிற்று என்று லிவர்பூலிலிருந்து கேட்டனின் கடிதம் வந்து சேர்ந்தது. சண்டை அதோடு சரி. பெக் பிறகு லிவோவ் நகரில் பெரிய பேராசிரியராக இருந்தார். யூதர். 1942இல், எண்பதை நெருங்கும் வயதில், நாஜிகள் பிடித்துப்போக வந்தபோது சயனைடு தின்று இறந்தார். எங்கள் துறையின் பாடப்புத்தகங்கள் இவருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு வரி.

மனிதரின் மூளை அலையைத் தலைத்தோலுக்கு வெளியிலிருந்தே எடுக்கலாம் என்று காட்டியவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். முதல் பதிவு 1924இல், அதை வெளியிட்டது 1929இல். நடுவில் ஐந்து வருஷம் தன் கண்ணையே நம்பாமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினால் ஒழுங்காக ஓடும் ஆல்ஃபா அலை, திறந்ததும் அடங்கிவிடுகிறது என்று எழுதினார். அப்போதும் ஊர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜின் ஏட்ரியனும் மாத்யூஸும் செய்துகாட்டிய பிறகுதான் நம்பிக்கை வந்தது. ஏட்ரியன் ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கியவர். அவர் தன் தலையிலிருந்து எடுத்த அலையை ஒரு நீர்வண்டின் பார்வை நரம்பு முடிச்சிலிருந்து வந்த அலையோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். மினுக்கும் விளக்கைப் பார்த்தால் பின்மண்டை அலையும் அதே வேகத்தில் துள்ளுகிறது என்றும் இவர்கள் சொன்னார்கள். பெரிய மனிதர் சொன்னால் எடுபடும் வழக்கம் விஞ்ஞானத்திலும் உண்டு.

ஆனால் ஒரே ஒரு தடவை வெளிச்சம் காட்டினால் வரும் பதிலைப் பார்க்க வழியில்லை. அந்த 10 மைக்ரோ வோல்ட், 50 மைக்ரோ வோல்ட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கும் மற்ற மூளை அலைகளுக்குள் புதைந்து கிடக்கும். தேரோட்டக் கூட்டத்தில் ஒரு குழந்தை ஒரு முறை கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. ஒவ்வொரு வெடிச் சத்தமும் கேட்டு முடிந்த அடுத்த நொடியில் அது கூப்பிடுகிறது என்று தெரிந்து, அந்த நொடிகளை மட்டும் பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால், கூட்டத்தின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்க் குழந்தையின் குரல் மேலே வரும். லண்டனில் குயீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் வேலை பார்த்த ஜார்ஜ் டாசன் செய்தது இதைத்தான். கையில் தட்டினாலே உடம்பு தூக்கிப்போடும் ஒரு வலிப்பு நோயாளியை 1947இல் ஆராய்ந்தபோது, அவரது மூளைப் பதில்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. அப்படியானால் மற்றவர்களுக்கும் இது இருக்கத்தானே வேண்டும், சின்னதாக இருப்பதால்தான் தெரியவில்லை என்று யோசித்தார். கையில் சின்ன ஷாக் கொடுத்து, திரையில் ஓடும் கோடுகளை ஒரே புகைப்படத் தகட்டில் மேல் மேலாக விழவிட்டார். கசகசவென்ற கோடுகளுக்கு நடுவே ஒரு இடம் மட்டும் எல்லாக் கோடுகளிலும் ஒரே மாதிரி வளைந்திருந்தது.

புகைப்படம் போதாதென்று 1951இல் கூட்டுகிற மெஷின் ஒன்றையே செய்துவிட்டார். சுழலும் ஒரு சுவிட்ச். அது வரிசையாக நிற்கும் கன்டன்சர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு தூண்டலுக்குப் பிறகும் அந்தந்த நேரத்து மின்னழுத்தம் அந்தந்தக் கன்டன்சரில் சேர்ந்துகொண்டே வரும். கம்ப்யூட்டர் இல்லாத ஒரு கம்ப்யூட்டர். 100 தடவை சேர்த்தால், தேவையான அலையோடு ஒப்பிடும்போது இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. என் திரையின் மூலையில் ஓடும் எண்ணிக்கை 100ஐத் தொடும்போது அலை தெளிந்து வருவதை நான் தினமும் பார்க்கிறேன். தினமும் பார்த்தும் அலுக்கவில்லை.

பிறகு மெஷின்கள் வேகமெடுத்தன. 1958இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் வெஸ்லி கிளார்க் இந்தக் கூட்டல் வேலைக்கென்றே ஏ.ஆர்.சி.-1 என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரைக் கட்டினார். சீக்கிரமே கேட் என்ற பெட்டி விற்பனைக்கு வந்து, காசுள்ள லேபுகள் எல்லாம் வாங்கின. அதை வடிவமைத்த மான்ஃப்ரெட் கிளைன்ஸ் கச்சேரி மேடையில் பியானோ வாசித்தவர்; 1960இல் சைபோர்க் என்ற சொல்லை உண்டாக்கிய இருவரில் ஒருவர். எங்கள் துறையில் இப்படிப்பட்ட ஆட்கள் குறைவு.

மெஷின் வந்ததும் எல்லோரும் ஃப்ளாஷ் லைட்டைக் கையில் எடுத்தார்கள். கேட்டன் காலத்திலிருந்து பழகிய வழி அதுதானே. 1960இல் குயீன் ஸ்கொயரில் காபும் டாசனும், 1961இல் பிராட்டிஸ்லாவாவில் சிகானெக்கும் ஃப்ளாஷுக்குப் பின்மண்டை தரும் பதிலை ஒழுங்காக அளந்தார்கள். அலைகள் வந்தன. சிக்கல் என்னவென்றால் ஆளுக்கு ஒரு மாதிரி வந்தன. ஒருவருக்கு இரண்டு மேடு, இன்னொருவருக்கு நாலு. நேரமும் ஆளுக்கு ஆள் தள்ளிப்போனது. எது நார்மல் என்று கோடு போட முடியாத பரிசோதனையை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? நரம்பு அழிந்தே போனவரை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அதற்குக் கையில் ஒரு டார்ச் இருந்தாலே போதும்.

என் கட்சி இங்கேதான் தொடங்குகிறது. பார்வை மூளைக்கு வெறும் வெளிச்சத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹூபெலும் வீஸெலும் பூனையின் பார்வை மூளையில் ஒற்றைச் செல் ஒன்றைப் பிடித்து, கண்ணாடித் தகட்டில் கறுப்புப் புள்ளி ஒட்டி மணிக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தார்கள். செல் அசைந்து கொடுக்கவில்லை. தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் ஒரு கோடாக ஓடியதே, அதற்குப் படபடவென்று வெடித்தது. மூளை தேடுவது ஓரங்களை, வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற கோட்டை. இது தெரிந்த பிறகும் ஃப்ளாஷையே பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர். ஷ்பேல்மன் 1965இல் வெறும் வெளிச்சத்தையும் கட்டம் போட்ட வெளிச்சத்தையும் ஒப்பிட்டு எழுதினார். 1967இல் குயீன் ஸ்கொயரின் காப், மார்ட்டன், எட்லிங்கர் மூவரும் கட்டங்களை இடம் மாற்றிக் காட்டும் முறையை நேச்சர் பத்திரிகையில் வெளியிட்டார்கள். கறுப்புக் கட்டம் வெள்ளையாகும், வெள்ளைக் கட்டம் கறுப்பாகும். மொத்த வெளிச்சத்தில் ஒரு துளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஓரங்கள் மட்டும் மாறும். இத்தனைக்கும் அவர்கள் அப்போது தேடியது நோயை அல்ல. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டினால் மூளை எதைத் தள்ளிவிடுகிறது என்பதை.

அதே குயீன் ஸ்கொயரில் மார்ட்டின் ஹாலிடே என்பவர் இந்தக் கட்டத்தை நோயாளிகளின் முன்னால் வைத்தார். பக்கத்தில் சேர்ந்துகொண்டவர் நியூசிலாந்திலிருந்து வந்த இயன் மெக்டொனால்ட். இவர் அதற்குச் சில வருஷம் முன்னால்தான் சியர்ஸ் என்பவரோடு சேர்ந்து பூனைகளின் தண்டுவடத்தில் டிஃப்தீரியா நஞ்சைச் செலுத்தி, நரம்பின் மையலின் உறையை மட்டும் உரித்துப் பார்த்திருந்தார். உறை போன இடத்தில் செய்தி நின்றுவிடலாம்; நிற்காமல் கடந்தாலும் தாமதமாகக் கடக்கும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்கிற எம்.எஸ். நோயில் நடப்பது இந்த உறை உரிதல்தான். அப்படியானால் பார்வை நரம்பில் உறை உரிந்தவருக்கு பி-100 தாமதமாக வரவேண்டும். ஹாலிடே, மெக்டொனால்ட், ஜே. முஷின் மூவரும் ஆப்டிக் நியூரைட்டிஸ் என்கிற பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களை ஒவ்வொரு கண்ணாக எடுத்துப் பார்த்து, 1972இல் லான்செட்டில் எழுதினார்கள். தாமதம் இருந்தது, அதுவும் கண்ணால் பார்த்தாலே தெரிகிற தாமதம். நல்ல கண் 100இல் நின்றால் நோய் வந்த கண் 130, 140 என்று தள்ளி நின்றது.

அந்தக் கட்டுரையில் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஆப்டிக் நியூரைட்டிஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும். சார்ட்டின் கடைசி வரிவரை படிப்பார்கள். அப்போதும் அலை தாமதமாகவே வந்தது. உயரம் பழையபடி ஏறிவிட்டது. நேரம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நோயாளி மறந்துபோன நோயை நரம்பு மறக்கவில்லை. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எம்.எஸ். நோயாளிகள் 51 பேரைப் பற்றி எழுதினார்கள். மிகப் பெரும்பாலோரிடம் தாமதம். கண்ணில் எனக்கு ஒரு கோளாறும் வந்ததில்லை என்று சத்தியம் செய்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், அன்றைக்கு எம்.எஸ். என்று சொல்ல நரம்பு மண்டலத்தில் இரண்டு வேறு இடங்களில் பாதிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். காலில் பலமின்மையோடு வந்தவருக்குத் தண்டுவடம் ஒரு இடம்; இன்னொன்றுக்கு எங்கே போவது? எம்.ஆர்.ஐ. இல்லை. தலைக்கு சி.டி. எடுப்பதே 1971இல்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு நடந்தது. சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, சூடேறினால் பார்வை மங்குகிறதா, கால் தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த இடத்தில் வலியில்லாமல், அரை மணி நேரத்தில், கட்டம் போட்ட திரையைப் பார்த்தால் போதும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1983இல் போஸர் தலைமையில் நோயறியும் விதிகளை எழுதியபோது எவோக்டு பொட்டென்ஷியலுக்குச் சான்றாக இடம் கிடைத்தது. ஆனால் 1981லேயே லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் எம்.எஸ். நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் எடுத்துவிட்டார்கள். வெள்ளைத் திட்டுகளைக் கண்ணால் பார்க்க முடிந்த பிறகு, மில்லி செகண்டைச் சொல்கிற எங்கள் கோட்டுக்கு மவுசு குறைய ஆரம்பித்தது. 2001இல் வந்த விதிகளுக்கு மெக்டொனால்டின் பெயரையே வைத்தார்கள். அதில் வி.இ.பி. ஓரமாக நின்றது. அடுத்தடுத்த திருத்தங்களில் அந்த ஓரமும் போயிற்று. வி.இ.பி.யை உலகத்துக்குக் கொடுத்த இருவரில் ஒருவரின் பெயரைத் தாங்கிய விதியிலேயே அதற்கு இடமில்லாமல் போனதை நான் இன்னும் ஜீரணித்தபாடில்லை.

இந்தப் பரிசோதனை காகிதத்தில் படிக்கிற அளவுக்கு லேபில் சுத்தமாக நடப்பதில்லை. முதல் எதிரி எண்ணெய். எலெக்ட்ரோடு ஒட்டத் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் தடவாமல் வாருங்கள் என்று சீட்டில் எழுதியிருக்கும். குளித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று படியத் தேய்த்துச் சீவி, பூவும் வைத்துக்கொண்டு வருவார்கள். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு வரை டேப்பை ஓட்டி, அதில் 10 சதவிகிதம் மேலே ஏறி, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. அதுதான் ஓ-இசட். இந்த அளவு முறையை 1958இல் வகுத்தவர் மான்ட்ரியலின் ஹெர்பர்ட் ஜாஸ்பர். அவர் வேலை பார்த்த, மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார் என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சொந்தம் கொண்டாடல் உண்டு. முடியை வகிர்ந்து, நியூப்ரெப் ஜெல் தொட்டு நன்றாகத் தேய்த்து, டென்-ட்வென்டி பேஸ்ட்டில் எலெக்ட்ரோடைப் பதித்து, மேலே பஞ்சு வைத்து அமுக்க வேண்டும். இம்பீடன்ஸ் 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால்தான் ஆரம்பிப்பேன். வராவிட்டால் திரும்பத் தேய்ப்பேன். "தோலை உரிச்சிருவ போல இருக்கே தாயி" என்று கேட்காத பாட்டி அபூர்வம்.

பிறகு ஒரு கண்ணை மூடி, திரைக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்காரவைத்து, நடுவில் இருக்கும் சிவப்புப் புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்வோம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி விஷயம் இது.

"பாட்டி, கட்டத்தைப் பாக்காதீங்க. அந்தச் சிவப்புப் பொட்டையே பாருங்க."

"பொட்டத்தான் பாக்குறேன். சுத்தி இருக்கதெல்லாம் ஓடுதே தாயி."

"ஓடட்டும் பாட்டி. நீங்க ஓடாதீங்க."

சிரித்தார். சிரித்ததில் கழுத்துத் தசை இறுகி அந்த வரிசை முழுக்க வீண். மறுபடி முதலிலிருந்து.

கண்ணாடி போடுகிறவர் கண்ணாடி இல்லாமல் வந்தால் கட்டத்தின் ஓரம் மங்கும். ஓரம் மங்கினால் அலை தாமதமாகும். நோய் இல்லாதவருக்கு நோய் எழுத அதுவே போதும். கண் பிரிவில் கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுவிட்டு நேரே எங்களிடம் அனுப்பிவைப்பதும் நடக்கும். அன்றைக்கு எடுத்துப் பயனில்லை, திருப்பி அனுப்பத்தான் வேண்டும். கட்டம் மாறும் வேகத்தையும் சும்மா வைக்கக் கூடாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதோடு சரியாகப் பொருந்தும் வேகத்தில் கட்டத்தை மாற்றினால் ஃபேனும் டியூப்லைட்டும் தரும் இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழும். டாசன் கணக்குப்படி கூட்டக் கூட்டக் குறைய வேண்டியது, கூடிக்கொண்டே போகும். அதனால் செகண்டுக்கு 2 என்று முழுசாக வைக்காமல் 1.9 போலச் சற்றுத் தள்ளி வைப்பது பழக்கம்.

பழைய டிவி மாதிரி குழாய்த் திரைகள் போய் எல்.சி.டி. வந்தபோது இன்னொரு தொல்லை. எல்.சி.டி. படத்தைக் காட்டவே சில மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். நோயாளியின் நரம்பு செய்யாத தாமதத்தைத் திரை செய்துவிடும். சில எல்.சி.டி.க்கள் கட்டம் மாறும் கணத்தில் மொத்த வெளிச்சத்தையும் ஒரு துடி துடிக்கவிடும்; அப்புறம் அது கட்டம் இல்லை, பாதி ஃப்ளாஷ். கண் மின்னியலுக்கான சர்வதேசச் சங்கமான இஸ்செவ் 1995இல் வி.இ.பி.க்குத் தரம் வகுத்து, அவ்வப்போது திருத்தி வருகிறது. கட்டத்தின் அளவு, வெளிச்சம், வேகம் எல்லாம் அதில் உண்டு. அத்தனையும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு லேபும் தன் நார்மலைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் நார்மல் நர்சிங் மாணவிகள், வார்டு பாய்கள், நோயாளிக்குத் துணைக்கு வந்த மாமா, சித்தி. பெண்களுக்கு அலை கொஞ்சம் முந்தி வரும். அறுபதைத் தாண்டினால் பிந்தும். மெஷினோடு வந்த வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே போட்டு ரிப்போர்ட் கொடுக்கிற இடங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கண் தெரியவில்லை என்று நடிப்பவர்கள் விஷயத்தில் இந்தப் பரிசோதனை நீதிமன்றம் வரை போகும். விபத்து இழப்பீட்டுக்காக வந்த ஒருவர், வலது கண் சுத்தமாக இருட்டு என்றார். சின்னக் கட்டத்துக்கே 102இல் அழகாக அலை வந்தது. இருட்டாக இருக்கும் கண்ணிலிருந்து அப்படி வர வாய்ப்பில்லை. ஆனால் இதைத் தலைகீழாகப் போட முடியாது. அலை வரவில்லை என்றால் கண் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. திரைக்குப் பின்னால் தூரத்தைப் பார்ப்பதுபோல வெறித்துக்கொண்டிருந்தாலே அலை படுத்துவிடும். அதனால்தான் நோயாளியின் பக்கவாட்டில் நின்று கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த வேலையை மெஷின் செய்யாது.

எம்.ஆர்.ஐ. ஓரங்கட்டிய பரிசோதனை மருந்து ஆராய்ச்சி வழியாகத் திரும்பி வந்தது. எம்.எஸ்.க்கு இப்போதுள்ள மருந்துகள் புதுத் தாக்குதலைத் தடுக்கின்றன. உரிந்த உறையைத் திரும்ப வளர்ப்பதில்லை. வளர்க்கிற மருந்து ஒன்று கிடைத்தால் அது வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? எம்.ஆர்.ஐ.யில் திட்டு தெரியும், உறை மீண்டும் வளர்ந்ததா என்பது தெளிவாகத் தெரியாது. உறை வளர்ந்தால் செய்தி வேகமாகப் போக வேண்டும், பி-100 முன்னால் வர வேண்டும். ஹாலிடேயின் கணக்கைத் திருப்பிப் போட்டால் மருந்தை அளக்கும் கோல்.

ஒப்பிசினுமாப் என்ற மருந்தை முதல் ஆப்டிக் நியூரைட்டிஸ் வந்தவர்களிடம் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். வி.இ.பி. நேரம்தான் முதன்மை அளவு. சேர்ந்தவர்கள் எல்லோரையும் வைத்துப் பார்த்தபோது தேறவில்லை. மருந்தை முறையாக எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தபோது ஒரு நம்பிக்கை தெரிந்தது. அடுத்த கட்டத்தில் அதுவும் நிற்கவில்லை, 2020இல் கைவிட்டார்கள். அதே 2017இல் கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏரி கிரீன் குழு வேறொன்றைச் செய்தது. கிளெமாஸ்டின், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை. பார்வை நரம்பில் வெகுநாளாகத் தாமதம் இருக்கும் எம்.எஸ். நோயாளிகள் 50 பேர். பாதிப் பேருக்கு முதல் 90 நாள் மருந்து, பிறகு வெற்று மாத்திரை. மீதிப் பேருக்கு முதலில் வெற்று மாத்திரை, பிறகு மருந்து. மருந்து உண்ட காலத்தில் தாமதம் ஒரு கண்ணுக்குச் சராசரி 1.7 மில்லி செகண்ட் குறைந்தது.

இந்த எண்ணைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1.7! உசிலம்பட்டிப் பாட்டிக்கு முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் வித்தியாசமே அதைவிட அதிகம் இருந்தது. ஆனால் பிறகு யோசித்தால், அவர்களின் நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. ஒரே நோயாளி, ஒரே திரை, திரும்பத் திரும்ப எடுத்தது, யார் எந்த மாத்திரையில் இருக்கிறார் என்று தெரியாமல் கோட்டைப் படித்தது. டாசன் ஒரு ஆளுக்குள் செய்த கூட்டலை இவர்கள் 50 ஆட்களுக்குள் செய்திருக்கிறார்கள். வெகுநாள் உரிந்து கிடந்த நரம்புக்கும் உறை கொஞ்சம் திரும்ப வரலாம் என்று அதற்கு முன் யாரும் மனிதரிடம் இப்படி அளந்து காட்டியதில்லை.

அதற்காக மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். கிளெமாஸ்டின் தூக்கக் கலக்கமும் அசதியும் தரும், எம்.எஸ். நோயாளிக்கு அசதிதான் ஏற்கெனவே பெரிய தொல்லை. 2024இல் வெளியான அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்றில், விடாமல் முற்றிக்கொண்டு போகும் வகை எம்.எஸ். உள்ள சிலருக்கு இதே மாத்திரை இயலாமையை வேகப்படுத்தியது. பார்வை நரம்பில் நேரம் குறைவதும், மனிதர் நடப்பது தேறுவதும் ஒன்றல்ல. கண் தேறியும் நேரம் தேறாததை 1972லேயே பார்த்தாயிற்று. இது அதன் மறுபக்கம்.

மெக்டொனால்ட் விதிகளை 2024இல் மறுபடி திருத்தி 2025இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிப்பைத் தேடும் இடங்களில் பார்வை நரம்பை ஐந்தாவதாகச் சேர்த்திருக்கிறார்கள்; அதைக் காட்ட எம்.ஆர்.ஐ.யோ, விழித்திரை அடுக்கை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனோ, வி.இ.பி.யோ போதும். போன ஓரம் திரும்பக் கிடைத்திருக்கிறது. எங்கள் லேபுக்கு வரும் சீட்டுகளில் ஓ.சி.டி., வி.இ.பி. இரண்டையும் சேர்த்து எழுதி வருவதை இப்போது பார்க்கிறேன். நோயாளியைக் கண்ணாடியோடு அனுப்பச் சொல்லி ஒரு வரி சேர்த்து எழுதுகிற டாக்டரைத்தான் இன்னும் பார்க்கவில்லை.